அக்டோபரில் நான்கு நாள்

ஓடையைத் தாண்டியதும் ஓபல் நின்றாள்.

"இங்கதானே, வெர்லன்?"

"இங்கயேதான், மிஸ் ஓபல்."

அது எந்த இடம் என்று வெர்லனுக்குத் தெரியாது. நான்கு மைலாக அவள்தான் முன்னால் நடந்தாள். பாதை பிரிந்த இடங்களில் எல்லாம் அவளே ஒரு பக்கம் திரும்பினாள். அவன் பின்னாலிருந்து "ஆமா, அந்தப் பக்கம்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

ஓபல் முதுகுப்பையை இறக்கினாள். அதற்குள் ஒரு காபி டப்பாவில் அவள் கணவன் ஹாய்ட் சாம்பலாக இருந்தான்.

இருபத்திரண்டு வருடமாக, அக்டோபரில் நான்கு நாள், ஹாய்ட்டும் அவன் நண்பன் வெர்லனும் இந்த அர்கன்சா வனத்துக்குள் கூடாரம் போட்டுத் தங்குவதாக ஊருக்கே தெரியும். குழாய் இல்லை, கழிப்பறை இல்லை. "பொம்பளைங்களுக்கு ஒத்துவராத இடம்" என்று சர்ச் விருந்துகளில் ஹாய்ட் மேஜை அதிரச் சொல்வான்.

முதல் வருடம் உண்மையாகவே வந்தார்கள். மாலை ஐந்து மணிக்கு ஒரு கரடி வந்து அவர்களுடைய பன்றிக்கறியை எல்லாம் தின்றது. ஐந்தரைக்கு இரண்டு பேரும் வண்டிக்குள் இருந்தார்கள்.

அடுத்த வருடத்திலிருந்து நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல்தான். சீட்டாட்டம், டிவியில் கால்பந்து, எதிர்க் கடையில் பொரித்த கெளுத்தி மீன். வீடு திரும்புகிற நாளன்று மோட்டலுக்குப் பின்னால் ஓக் சருகைக் கொளுத்தி, கோழி வாட்டுவதுபோல முன்னும் பின்னும் திரும்பி நின்று சட்டையில் புகை ஏற்றிக்கொள்வார்கள்.

ஆகஸ்ட்டில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஹாய்ட் வெர்லனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "ஓபல்கிட்ட மட்டும் சொல்லிடாதடா."

வெர்லன் வாக்குக் கொடுத்தான். சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன் அவன். கொடுத்த வாக்குக்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வான்.

அதனால்தான், "அவன் கூடாரம் போட்ட எடத்துலயே அவனக் கொட்டணும், கூட்டிட்டுப் போ" என்று ஓபல் கேட்டபோது, போன திங்கட்கிழமை ஒரு கூடாரம் வாங்கினான். வீட்டுக்குப் பின்னால் அதைப் போட்டு மிதித்து, சேறு பூசி, இருபத்திரண்டு வயது ஆக்கினான்.

இப்போது அதை விரித்தான். கம்பிகளைச் செருகினான். கூடாரம் எழுந்தது, யோசித்தது, படுத்துக்கொண்டது. மூன்று முறை.

"காத்து" என்றான்.

ஓர் இலைகூட அசையவில்லை.

"தள்ளு" என்றாள் ஓபல். முதலில் கூடாரத்தைப் பத்தடி தள்ளி இழுத்துப் போட்டாள். "மேல பாரு. பட்டுப்போன கிளை. ராத்திரி விழுந்துச்சுன்னா நீயும் ஹாய்ட்கூட டப்பாவுல போக வேண்டியதுதான்."

ஐந்து நிமிடத்தில் கூடாரம் நின்றது. சாப்பாட்டு மூட்டையைக் கரடிக்கு எட்டாத கிளையில், ஒரே வீச்சில் கயிறு போட்டுத் தொங்கவிட்டாள். யூடியூபில் பார்த்திருப்பாள் என்று வெர்லன் நினைத்துக்கொண்டான்.

அப்புறம் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்க படுப்பான்? தலை எந்தப் பக்கம்?"

வெர்லன் ஒரு பைன் மரத்தடியைக் காட்டினான். செத்தவனை அவன் விதவையின் கையாலேயே தப்பான இடத்தில் கொட்ட வைக்கப் போகிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அறுபத்தாறு வயதில், சருகுமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தான்.

"ஹாய்ட் இங்க ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்ல, மிஸ் ஓபல். மோட்டல்ல படுத்தான். ஆறாம் நம்பர் ரூம். ஜன்னல் பக்கத்துக் கட்டில்."

அடி விழும் என்று எதிர்பார்த்தான்.

"தெரியும்" என்றாள் ஓபல். "நாலு நாள் காட்டுல கெடந்தவனுக்கு நகம் அவ்ளோ சுத்தமாவா இருக்கும்?"

"தெரிஞ்சுமா என்னை நடக்க விட்டீங்க?"

"மொத மைல்லயே நீ சொல்லிடுவன்னு நெனச்சேன். நாலு மைல் தாங்கிட்ட. ஹாய்ட் குடுத்து வச்சவன்."

வெர்லன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அப்போ அந்த மோட்டல் பக்கமே கொட்டியிருக்கலாமே? எதுக்கு இவ்ளோ தூரம்?"

ஓபல் பைன் மரத்துக்கு எதிரே இருந்த சருகைக் காலால் ஒதுக்கினாள். அடியில் வட்டமாக அடுக்கிய கற்கள் இருந்தன. புகை படிந்து படிந்து, பல வருடக் கறுப்பு.

"நீங்க கெளம்பின ஒடனே நான் டெக்சார்கானாவுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போறதா ஹாய்ட்கிட்ட சொல்லுவேன். ஒரு வருஷம்கூட அங்க போனதில்ல. இங்கதான் வருவேன். தனியா."

வெர்லன் கற்களைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"இருபத்திரண்டு வருஷமாவா?"

"இருபத்தொண்ணு. மொத வருஷம் நெசமாவே தங்கச்சி வீடுதான்."

"அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, மிஸ் ஓபல்!"

ஓபல் கற்களின் அருகே மண்டியிட்டு, டப்பாவின் மூடியைத் திறந்தாள்.

"சொல்லியிருந்தா, அவனும் கூட வர்றேன்னு கெளம்பியிருப்பான்."

பிறகு டப்பாவைக் கவிழ்த்து, கடைசித் துகளும் விழும்வரை அதன் அடியில் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருந்தாள்.