பதினாலாவது வளைவு

காலில்லாமல் ஊர் ஊராகப் போகும். வாயில்லாமல் பிறந்த ஊரைச் சொல்லும். பொய் மட்டும் சொல்லத் தெரியாது. அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்?

கல்.

கல்லுக்குப் பொய் சொல்லத் தெரியாததால், அதற்காக ஷ்யாம்சுந்தர் சொல்ல வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை. சேலையூர் வீட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு சின்ன அட்டையில் அவர் எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊதா நிறத்தில் மின்னியது ஒரு செவ்வந்திக் கல். அது கொரியரில் வந்த பெட்டியின் மேல் ‘பிரேசில்’ என்று அச்சடித்திருந்தது.

அட்டையில் அவர் எழுதியது இது: ‘ஏற்காடு, பதினாலாவது கொண்டை ஊசி வளைவு. மே 18. கண்டெடுத்தவர்: விஷ்ணுப்ரியா.’

பத்து வயது விஷ்ணுப்ரியா எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, மே மாசம் நாம ஏற்காடு போகவே இல்லையே?”

“போறதாத்தானே இருந்தோம்? எனக்கு லீவு கிடைக்கல. அது பேங்க்கோட தப்பு.”

“நான் எடுத்த கல்லையே கொண்டு போறேனே?”

அவள் எடுத்த கல், மழைநீர்க் கால்வாய் வேலைக்காகத் தெருவில் கொட்டியிருந்த குவியலில் கிடைத்தது. சாம்பல் நிறம். நடுவில் நாலைந்து சிவப்புப் புள்ளிகள்.

“ப்ரியா, அதுக்குப் பேர் ஜல்லி. உனக்கு அரியலூர் போகணுமா, வேண்டாமா?”

போக வேண்டும். கல்லாகிப் போன கடல் சிப்பிகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி அவள் மூன்று முறை வட்டம் போட்டிருந்தாள். ஆனால் கல் சேகரிப்போர் மன்றம் வருஷத்துக்கு ஒரே ஒரு குழந்தையைத்தான் பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளும், போட்டியில் ஜெயிக்கிற குழந்தையை.

காலனி நலச் சங்கத்தின் மாடியில் போட்டி. நடுவர், மன்றத் தலைவர் தோத்தாத்ரி. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் லென்ஸ் தொங்கும். கல்லோடு அட்டை இருக்க வேண்டும். அட்டையில் ஊர், நாள், கண்டெடுத்தவர் பேர் மூன்றும் இருக்க வேண்டும். அது அவர் போட்ட விதி.

முதலில் மாட்டிக்கொண்டவள் டெபோரா.

“என்னம்மா இது, ‘பம்மல் பக்கம்’னு எழுதியிருக்கே? பம்மல்ல எங்கே? என்னிக்கு?”

“சரியா ஞாபகம் இல்ல சார்.”

“அட்டை சரியில்லேன்னா அது வெறும் கல்லு. எடுத்துட்டுப் போ.”

“குழந்தைதானே சார்?” என்றாள் டெபோராவின் அம்மா யூனிஸ்.

“குழந்தைக்குத்தாம்மா முதல்ல நேர்மை வேணும்!”

ஷ்யாம்சுந்தர் மகளை மெல்லப் பின்னுக்கு இழுத்தார். லென்ஸ் வைத்துப் பார்க்கிற மனிதருக்கு பிரேசில் தெரியாமல் போகுமா?

“ப்ரியா, வயிறு வலிக்குதுன்னு சொல்லு. போயிடலாம்.”

“வலிக்கலையே அப்பா.”

அதற்குள் தோத்தாத்ரி வந்துவிட்டார். ஊதாக் கல்லை எடுத்தார். திருப்பினார். லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனார். அட்டையைப் படித்தார்.

“ஏற்காடா?”

“ஆ... ஆமா சார்.”

“பதினாலாவது வளைவு. அங்க ஒரு டீக்கடை இருக்குமே?”

இருக்கிறதா என்று ஷ்யாம்சுந்தருக்குத் தெரியாது. அவர் ஏற்காட்டுக்கே போனதில்லை.

“இருக்கு சார்.”

“அதுக்குப் பின்னாடிதானே?”

“கரெக்டா பின்னாடிதான் சார்.”

தோத்தாத்ரியின் முகம் மலர்ந்தது. “தொண்ணூத்தேழுல நானும் அதே இடத்துலதான் எடுத்தேன்!”

வேகமாகப் போய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்து, மன்றத்தின் பெருமையான தன் கல்லைக் கொண்டுவந்தார். அதே ஊதா. ‘ஏற்காடு. 1997. கண்டெடுத்தவர்: தோத்தாத்ரி.’

“எத்தனாவது வளைவுன்னு மட்டும் மறந்துபோச்சு. இத்தனை வருஷமா உறுத்திக்கிட்டே இருந்துது சார்.” பேனாவைத் திறந்து, தன் அட்டையில் ‘பதினாலாவது வளைவு’ என்று சேர்த்துக்கொண்டார்.

செயலாளர் ஜீவானந்தம் சும்மா இருப்பாரா?

“சார், என்னோடதும் அங்கதான். டீக்கடைக்காரர்கூடக் கேட்டார், ‘என்ன சார், கல்லைப் பொறுக்குறீங்க?’ன்னு.”

ஷ்யாம்சுந்தர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வளைவு அவருக்குத் தோன்றியதே காலையில் இட்லி சாப்பிடும்போதுதான். ஒன்பது என்று எழுதப் போய், பதினாலு என்றால் நம்பும்படியாக இருக்குமே என்று மாற்றியிருந்தார். இப்போது அவருக்கே, நாமும் ஒருமுறை அங்கே டீ குடித்திருக்கிறோமோ என்று ஒரு எண்ணம் வந்தது. நெஞ்சு நிமிர்ந்தது.

“இந்த வருஷம் அரியலூர் போறது விஷ்ணுப்ரியா!”

கைதட்டல். டெபோராவும் தட்டினாள்.

தோத்தாத்ரி தடித்த பதிவேட்டைப் பிரித்து வைத்துப் பேனாவை நீட்டினார். “ஜெயிச்ச குழந்தை தன் கையாலேயே எழுதணும். ஊர், நாள், கண்டெடுத்தவர். அப்பா எதுவும் சொல்லிக் கொடுக்கக் கூடாது.”

ஷ்யாம்சுந்தர் எதுவும் சொல்லவில்லை. மகளின் தோளில் கை வைத்து லேசாக அழுத்தினார், அவ்வளவுதான்.

விஷ்ணுப்ரியா பேனாவை வாங்கினாள். டெபோரா தன் கல்லைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைப்பதை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, ஊர் என்ற கட்டத்தில் ‘சேலையூர், எங்கள் வீட்டு வாசல்’ என்றும், நாள் என்ற கட்டத்தில் ‘போன செவ்வாய்க்கிழமை’ என்றும், கண்டெடுத்தவர் என்ற கட்டத்தில் ‘கொரியர் அண்ணா’ என்றும் எழுதினாள்.