கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

“ஒருத்தரும் வெளிய போகக் கூடாது. வாயை நல்லாக் கொப்புளிச்சு, ஆளுக்கொரு குப்பியில துப்புங்கோ!”

கெமிஸ்ட் நேசமலர் இப்படிச் சொன்னதும், கிராண்ட்பாஸில் இருந்த அந்த மருந்துக் கம்பெனியின் ஆய்வுகூடத்தில் நின்ற மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காணாமல் போனவை ஆறு மீன் கட்லட். பின்னேரம் பெரிய முதலாளி வருகிறார் என்று டைப்பிஸ்ட் டோரின் கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து பொரித்துக்கொண்டு வந்தவை.

“மூணு செக்பொயின்ட்ல பெட்டியத் திறந்து பார்த்த ஆமிக்காரன்கூட ஒண்ணையும் தொடல்ல. இங்க வந்து துப்புரவா முடிஞ்சிரிச்சே!” என்று டோரின் மூக்கைச் சிந்தினாள்.

பழி சாரதி கிளறன்ஸின் தலையில் விழுந்திருந்தது. வேறு யார் தலையில் விழும்? அன்று வெள்ளிக்கிழமை; நேசமலரும் மனேஜர் சிவபாதசுந்தரமும் வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவர்கள். இருவர் நெற்றியிலும் திருநீறு பளபளத்தது.

“திங்கக்கிழமையிலயிருந்து நீ வேலைக்கு வரத் தேவையில்லை,” என்று மனேஜர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

“அந்தோனியார் மேல சத்தியம் சேர், நான் எடுக்கல்ல! மூணு புள்ளைங்க இருக்கு சேர்!”

அவன் கண் கலங்கியதை நேசமலரால் தாங்க முடியவில்லை. பல்வலிக்கென்று மென்றுகொண்டிருந்த கராம்பைக் கன்னத்தில் ஒதுக்கிவிட்டு, அப்போதுதான் அவள் குப்பிகளை எடுத்தாள்.

மருந்தில் கலப்படம் பிடிக்கிற மெஷினைத் தட்டிக் காட்டினாள். “இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்டு எரியுது. நீங்கள் துப்பின தண்ணி அதுக்குள்ளால போகேக்க, கட்லட்டின்ர சுவடு இருந்தால் அது வெளிச்சத்தைக் குடிச்சிடும். உடன கடதாசியில கோடு மலை மாதிரி எழும்பும். ஒண்டும் இல்லாட்டி நேராப் போகும்.”

“நல்ல யோசனை! இவன்ர வாயைப் பாரும்,” என்றார் மனேஜர்.

“நியாயம் எல்லாருக்கும் ஒண்டுதானே சேர். நீங்களும் துப்புங்கோ.”

மனேஜர் சிரித்தார். கொஞ்சம் உரக்கவே சிரித்தார்.

மூன்று குப்பிகளிலும் பெயர் ஒட்டி, முதலில் கிளறன்ஸின் தண்ணீரை உள்ளே செலுத்தினாள். அவன் அந்தோனியாரை அழைத்தபடி கடதாசியையே பார்த்துக்கொண்டு நின்றான். பேனை ஆடவில்லை, அசையவில்லை. நேர்கோடு.

“கிளறன்ஸ் எடுக்கேல்லை,” என்றாள் நேசமலர்.

டோரினுக்கும் நேர்கோடுதான். மூன்றாவது குப்பியைக் கையில் எடுத்ததும் மனேஜர் எழும்பினார்.

“பிள்ளை, ஒருக்கா இஞ்சால வாரும்.”

நடைக்கு வந்ததும் அவர் குரல் இறங்கிப்போனது. “வாசம் என்னை விடேல்லைப் பிள்ளை. நான் பார்க்கேக்க பெட்டிக்குள்ள ஒண்டே ஒண்டுதான் கிடந்தது, ஆணை! வெள்ளவத்தையில என்ர மனுசிக்குத் தெரிஞ்சால் வீட்டுக்குள்ள எடுக்கமாட்டா.”

“நான் வாய் திறக்கமாட்டன் சேர். கிளறன்ஸைப் பாருங்கோ.”

மனேஜர் உள்ளே வந்து தொண்டையைச் செருமினார். “பூனையின்ர வேலைதான். கிளறன்ஸ், திங்கக்கிழமை நேரத்துக்கு வந்திடு.”

கிளறன்ஸ் நேசமலரைக் கையெடுத்துக் கும்பிட்டான். “இந்த மெஷின்தான் மிஸ் எனக்குச் சாமி!”

எல்லோரும் போனபிறகு நேசமலர் சாமியின் மூடியைக் கழற்றினாள். காலையில் கரண்ட் போய் வந்தபோதே உள்ளே விளக்கு செத்துப்போயிருந்தது. யார் துப்பினாலும் நேர்கோடுதான். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் எரிந்தாலென்ன, அணைந்தாலென்ன, யார் கண்டார்கள்? பல்வலி என்று எதுவுமே இல்லாத நேசமலர், மற்ற ஐந்து கட்லட்டின் வாசமும் போகட்டுமென்று இன்னொரு கராம்பை வாயில் போட்டுக்கொண்டாள்.