பின்னுக்குத் தள்ளிய குல்லா

மலையூரான அஸ்ரூவில் பள்ளியின் இரும்புக் கதவு பனியில் நனைந்து மின்னுகிறது. பதற்ற நோயால் மாதக்கணக்கில் வகுப்புக்கு வராத மகள் இத்தோவின் குளிர்ந்த விரல்கள் அப்பா மோஹாவின் உள்ளங்கைக்குள் நடுங்குகின்றன. "அங்கிக் குல்லாவை இழுத்து உங்க முகத்தை மறைச்சுக்கங்கண்ணே. கேட்டா மஞ்சக்காமாலைன்னு சொல்லுங்க. குடும்ப மானம்!" என்று சொல்லித்தான் அவருடைய தங்கை வழியனுப்பியிருக்கிறாள். "என்ன பெரியவரே, பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டீங்கன்னுல்ல நெனச்சேன்!" காவலாளி சிரிக்கிறான். மதிலோரம் நிற்கும் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். மோஹா தன் ஜெல்லாபா அங்கியின் குல்லாவைப் பின்னுக்குத் தள்ளுகிறார். நரைத்த தலையில் வெயில் விழுகிறது. "மனசுக்கு முடியாம இருந்தா. வைத்தியம் பாக்குறோம். எங்க வீட்டு மானம் பொய்யில நிக்கல. கதவைத் திற." தாழ் கிறீச்சிடுகிறது. நடுக்கம் நிற்கவில்லை, நடுங்கும் அந்த விரல்களாலேயே இத்தோ அப்பாவின் கையை விலக்கிவிட்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே நடக்கிறாள்.