சாவி இல்லாதவன்

"எழுதி முடிச்சாச்சு தோமா! அனுப்புற நிமிஷமே பூட்டு விழுந்துடும். அப்புறம் டைரக்டரம்மா தலைகீழா நின்னாலும் படிக்க முடியாது!"

செவிலியர் அறையில் வீப்கே குதிக்காத குறை. ஜெர்மனியில், அந்த ஓல்டன்பர்க் முதியோர் இல்லத்தில் வேலைக்கு ஆள் போதவில்லை. அதை மறைக்கப் பெரியவர்களுக்குத் தூக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார்கள். அதைத்தான் பத்திரிகைக்கு மெயிலில் எழுதியிருந்தாள்; சாவி உள்ளவர் மட்டுமே படிக்கும்படி பூட்டி அனுப்பும் மெயில்.

"அதுக்கு இல்லத்து கம்ப்யூட்டர்தானா கிடைச்சுது? அந்த டெட்லெஃப் பார்த்துட்டா?" என்றாள் சக செவிலி தோமா.

"பார்க்கட்டுமே! சாவி என்கிட்டயும் பத்திரிகைகிட்டயும்தான் இருக்கு. நூலகத்துல ரெண்டு சனிக்கிழமை வகுப்புக்குப் போய்க் கத்துக்கிட்டேனாக்கும்!"

இல்லத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் பார்த்துக்கொள்பவன் டெட்லெஃப். டைரக்டரம்மா இருமினால் தண்ணீரோடு ஓடுகிற ஆள்.

கதவு படாரென்று திறந்தது. அவனேதான்.

"எழுந்திருங்க, ஃப்ராவ் ஹார்ம்ஸ்!" என்று வீப்கேவைக் குடும்பப் பெயர் சொல்லி அதட்டினான்.

"ஏன், என்ன விஷயம்?"

"நகருங்கன்னா நகருங்க!"

வீப்கேவின் நாற்காலியில் உட்கார்ந்து படபடவென்று தட்டினான். கடிதம் திரையிலிருந்து மறைந்தது.

"ஐயோ, அது என்னோடது!" வீப்கே அலறினாள். வேலை போகட்டும். அந்தப் பெரியவர்கள்?

"டைரக்டர் வந்துட்டிருக்காங்க. சர்வர்ல யார் என்ன எழுதிவெச்சிருக்காங்கன்னு பார்க்கணுமாம்."

"நீதானே போட்டுக் கொடுத்தே!" தோமா வெடித்தாள். "ஜால்ரா போட்டே பிழைக்கிறியே, வெட்கமா இல்லே?"

அவன் காது சிவந்தது. பாக்கெட்டிலிருந்து ஒரு கசங்கிய தாளை எடுத்து வீப்கேவின் கையில் திணித்தான். "குப்பையையாவது ஒழுங்கா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

அதற்குள் டைரக்டரம்மா வந்துவிட்டாள். அவனைப் பக்கத்தில் நிற்க வைத்து, வீப்கேவின் மெயில் பெட்டியைக் கால் மணி நேரம் குடைந்தாள். ஒன்றும் அகப்படவில்லை. உம்மென்று எழுந்து போனாள். அவனும் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே போனான்.

"எப்படி ஒண்ணும் கிடைக்காமப் போச்சு?" என்றாள் தோமா.

வீப்கே தாளைப் பிரித்தாள். மறுபக்கம் முழுக்க ஏதோ பட்டியல். இந்தப் பக்கம் பேனாவால் அவசரமாக எழுதியிருந்தது.

'நீங்கள் பூட்டுவது அனுப்பும்போதுதான். இந்த மெயில் மென்பொருளோ நீங்கள் எழுத எழுத, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, வரைவைப் பூட்டாமலே நம் சர்வரில் சேமிக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். முப்பத்தோரு வரைவுகள் கிடந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இனி உங்கள் வீட்டில், உங்கள் சொந்த மெயிலில், வரைவு சேமிப்பதை நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

கடிதத்தின் நாலாவது வரியையும் திருத்துங்கள். தூக்க மருந்து கொடுக்கப்படுவது பன்னிரண்டு பேருக்கு இல்லை, பத்தொன்பது பேருக்கு. மருந்துப் பதிவேட்டின் நகல் பின்பக்கம் இருக்கிறது.'