மாமன் புத்தி

"ஊதுடா!"

கண் ஆஸ்பத்திரி வராந்தாவில், பத்துப் பேர் பார்க்க, இருபத்திரண்டு வயது மகனின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனார் ஸ்டோர்கீப்பர். பற்பசை வாசனைதான் வந்தது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"நல்லா விளக்கிட்டு வந்திருக்கான், கள்ளப்பய."

"சத்தியமா நான் தொட்டதே இல்லப்பா," என்றான் மகன், அவர் காதுப் பக்கமாகப் பார்த்து.

அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே லேத் பட்டறையில்தான் வேலை. போன வாரம் அளவைத் தப்பாகப் படித்து நாற்பது ஷாஃப்டை வீணடித்தான். நேற்று முதலாளி மேலேயே மோதிவிட்டு, "ஓரமாப் போய்யா" என்றான். பட்டறையே கொல்லென்று சிரித்தது. இருபது வருஷம் மரியாதையாக வேலை பார்த்த மனுஷன், முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? வெட்கத்தில் மத்தியானச் சாப்பாடுகூட இறங்கவில்லை.

"அப்படியே மாமன் புத்தி," என்று மனைவியிடம் சீறினார். "உங்கண்ணனும் இப்படித்தானே? எதிர்ல போனா திருதிருன்னு முழிப்பான். நான் வாயைத் திறந்து பேசினாத்தான் 'வாங்க மாப்ள'ம்பான். பட்டப்பகல்லயே தூணோட மோதுவான். வாசப்படி ஏறக்கூடாதுன்னு அன்னிக்கே சொன்னது நல்லதாப் போச்சு."

அவள் ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டினார்.

"வலியே இல்லாம முதல்ல ஒரு கண்ணு, ரெண்டு மாசத்துல இன்னொண்ணு. நடுவுல மட்டும் மங்கியிருக்கு. அம்மா வழியா வர்ற நரம்பு வியாதியோன்னு சந்தேகப்படறேன். அம்மா வீட்டுல யாருக்காவது சின்ன வயசுல இப்படிப் பார்வை போயிருக்கா? மறைக்காம சொல்லுங்க. அதை வெச்சுத்தான் என்ன டெஸ்ட்னு முடிவு பண்ணணும்."

"அதெல்லாம் யாரும் இல்ல டாக்டர்," என்று முந்திக்கொண்டார் ஸ்டோர்கீப்பர். "ஒரே அண்ணன். அவனும் மொடாக்குடியன். இவனும் அவனை மாதிரியே கெட்டுப்போனான், வேற ஒண்ணுமில்ல."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். சட்டையில் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழுந்தது.

அதைப் பார்த்ததும் அவன் அம்மா எழுந்து நின்றாள். புருஷன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் டாக்டரிடம் சொன்னாள்:

"எங்கண்ணன் குடிச்சதே இல்லைங்க... அவருக்குக் கண்ணு போன விஷயம் தெரிஞ்சா என்னை யாரும் கட்டிக்க மாட்டாங்கன்னு, குடிகாரன்னு கதை கட்டினதே நான்தான்."