ஆறாம் லைன் டோக்கன்

ஆணியில் தொங்கிய டோக்கனைக் கழற்றித் தன் நீலக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

யாரும் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரம். தையல் ஹாலில் மின்விசிறிகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன.

டோக்கன் என்றால் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் அட்டை. பாத்ரூம் போகிறவர் கையில் அது இருக்க வேண்டும். ஒரு லைனுக்கு ஒன்றுதான். ஒருத்தி திரும்பி வந்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். பனியன் கம்பெனிச் சட்டம்.

அவளுடைய ஐந்தாம் லைன் டோக்கன் ஒன்பது வருடமாக அவள் பையில்தான் இருக்கிறது. வந்து கேட்க வேண்டும். கேட்டால் கடிகாரத்தைப் பார்ப்பாள். இப்போதுதானே போனாய் என்பாள். பிறகு கொடுப்பாள்.

சூப்பர்வைசர் என்றால் அப்படித்தான்.

ஆறாம் லைன் ஜெபசீலி சூப்பர்வைசராகி எட்டு மாதம்கூட ஆகவில்லை. தூத்துக்குடிக்காரி. முதல் நாளே சுவரில் ஓர் ஆணி அடித்து டோக்கனைத் தொங்கவிட்டாள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

ஆளாளுக்குக் கூத்தடிப்பார்கள், ஒரே வாரத்தில் லைன் படுத்துவிடும் என்று இவள் எல்லோரிடமும் சொல்லிவைத்தாள்.

படுக்கவில்லை.

மணிக்குத் தொண்ணூறு பீஸ் இலக்கு. ஜெபசீலியின் போர்டில் தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்றைந்து. இவள் போர்டு எழுபத்தெட்டைத் தாண்டவில்லை. அவளுக்கு மட்டும் நல்ல மெஷின் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் இரண்டு லைன் மெஷின்களையும் மாற்றிப் போட்டார். அப்போதும் எழுபத்தெட்டு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று கட்டிங் பக்கம் யாரோ சொன்னது அவள் காதுக்கே வந்தது.

நாளை சனிக்கிழமை. ஹால் முழுவதையும் பார்த்துக்கொள்ளும் ஃப்ளோர் இன்சார்ஜ் இரண்டு பேரில் யார் என்று மேனேஜர் சொல்லப்போகிறார்.

பதவி மட்டும் என்றால் பொறுத்துக்கொள்வாள். ஜெபசீலி முப்பது பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். இவள் மெஷின் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். வேலை நடக்கும்போதே ஆறாம் லைனில் ஒரு சிரிப்பு கிளம்பும். கடைசி மெஷின் வரை போய்த் திரும்பும். அதைக் கேட்டால் அவளுக்கு வயிறு பற்றி எரியும்.

தன்னைப் பார்த்துச் சிரித்தால்கூடப் பரவாயில்லை. தன் நினைப்பே இல்லாமல் சிரிக்கிறார்கள்.

மணி அடித்தது. எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டரைக்கு ஆறாம் லைனில் ஒருத்தி எழுந்தாள். ஆணி காலியாக இருந்தது. யாரோ போயிருக்கிறார்கள் என்று திரும்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி. பிறகு ஜெபசீலியே வந்து பார்த்தாள்.

இப்போது கத்துவாள் என்று அவள் காத்திருந்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஜெபசீலி கத்துவதைக் கேட்க வேண்டும்.

ஜெபசீலி கத்தவில்லை. பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லிவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னாள். ஒருத்தி போனாள். பக்கத்து மெஷின்காரி நகர்ந்து உட்கார்ந்து அவள் துணியையும் தைத்தாள்.

மூன்று மணி போர்டில் ஆறாம் லைன் தொண்ணூற்றாறு.

பாவி, எப்படித்தான் செய்கிறாள்.

"அக்கா, டோக்கன்."

மயிலாத்தாள். ஐந்தாம் லைன், ஓவர்லாக் மெஷின். ஒன்பது வருடமாக இவளிடம் கேட்டுக் கேட்டுப் போய் வருகிறவள். இவள் ஆறாம் லைனிலிருந்து கண்ணை எடுக்காமல் பையில் கையை விட்டு எடுத்துக் கொடுத்தாள்.

வாங்க நீட்டிய மயிலாத்தாளின் கை அப்படியே நின்றது.

"இது நம்மளது இல்லீங்க்கா."

பார்த்தாள். சிவப்பு மையில் ஆறு.

கீழே கிடந்தது என்று சொல்லியிருக்கலாம்.

மயிலாத்தாள் அதை வாங்கிக்கொண்டாள். நேராகப் போய் ஆறாம் லைன் ஆணியில் அதை மாட்டினாள். திரும்பி வந்து ஐந்தாம் லைன் டோக்கனைக் கேட்கவும் இல்லை. வெறுங்கையோடு பாத்ரூம் போய் வந்தாள். உட்கார்ந்ததும் பக்கத்து மெஷின்காரியிடம் குனிந்து ஏதோ சொன்னாள்.

அந்தப் பேச்சு கைமாறிக் கைமாறி லைன் முழுக்கப் போவதை அவள் நின்று பார்த்தாள்.

பதினெட்டாம் மெஷின் எழுந்து போனது. அவளிடம் வரவில்லை. பதினேழாம் மெஷின் நகர்ந்து உட்கார்ந்து அந்தத் துணியையும் தைத்தது. அவள் சொல்லிக் கொடுக்காதது. பிறகு நான்காம் மெஷின். பிறகு இருபத்தொன்று.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும்போலவும் இருந்தது. என்னவென்று சொல்லிக் கத்துவது.

நான்கு மணிக்கு எண்பத்தெட்டு. அவளே போர்டில் எழுதினாள்.

ஐந்து மணிக்குத் தொண்ணூற்றேழு.

இரண்டு தடவை எண்ணிவிட்டு எழுதினாள்.

ஜெபசீலி ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். முகம் முழுக்கச் சந்தோஷம். அதில் பொய் எங்கேயாவது இருக்கிறதா என்று இவள் தேடினாள். இல்லை. அதுவும் பொறுக்க முடியவில்லை.

மேனேஜர் வந்தார். போர்டின் முன்னால் நின்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். இத்தனை வருடத்தில் இவர் இப்படி நின்று பார்க்க வேண்டும் என்று அவள் எத்தனை தடவை நினைத்திருப்பாள்.

"அப்படி என்ன அம்மணி பண்ணுனீங்க இன்னைக்கு?"

முதலில் மயிலாத்தாளின் மெஷின் நின்றது. அடுத்து அதன் பக்கத்து மெஷின். ஒவ்வொன்றாக முப்பதும் நின்றன. முப்பது பேரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள்.

வேலை முடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது.