கட்டிலில் ஒரு போர்க்கப்பல்

1969. ஊருக்குப் போய் ஆறு மாதம் கழித்து ஜெர்மனியின் ஆஹென் நகருக்குத் திரும்பிய சேஷாத்ரி, நண்பன் உமாபதி–சாந்தா தம்பதியின் அறையில் திகைத்து நின்றான். பாதிக் கட்டிலை, போன நூற்றாண்டு நீராவிப் போர்க்கப்பலின் மர மாதிரி அடைத்திருந்தது.

"புகைபோக்கி ஏண்டா கீழ இறங்கியிருக்கு?"

"காத்து நல்லா அடிச்சா இறக்கிட்டுப் பாய் விரிப்பாங்க. நிலக்கரி மிச்சம்."

"அதான் முடிஞ்சாச்சே, மியூசியத்துக்குக் குடுத்துடேன்."

"இன்னும் வேலை இருக்கு."

"கட்டிலெல்லாம் மரத்தூள். சாந்தா உன்னை எப்படி விட்டு வெச்சிருக்கா? வந்தா எங்க படுப்பா? பிடி, மேஜைல வெச்சிடலாம்."

"தொடாத."

உமாபதி பளபளத்த கப்பலை மறுபடியும் உப்புத்தாளால் தேய்த்தான்.

"மார்ச்ல ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பி வரல, சேஷு. தூக்கத்துல கை அந்தப் பக்கம் தேடுது. இது இடிச்சாத்தான் ஞாபகம் வருது."